ஒன்பது நகங்கள்

வாசலில் விரித்திருந்த பச்சைப் பிளாஸ்டிக் புல்லின் மேல் நின்ற மகளின் கால்களைத்தான் சுபாஜினி படம் எடுத்தாள். எடுத்தது இரண்டு கால்களை. படத்தில் இருந்தவை மூன்று.

மூன்றாவது முழுக் கால் இல்லை. படத்தின் இடது ஓரத்தில் ஒரு வெள்ளைக் கன்வஸ் சப்பாத்தின் நுனி மட்டும், யாரோ அவசரமாக உள்ளே நீட்டிப் பார்த்ததைப்போல. சுற்றிலும் பார்த்தாள். அன்று சனிக்கிழமை. மூன்று பஸ்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து இறங்கியிருந்தார்கள், வெள்ளைச் சப்பாத்துக்கா அங்கே பஞ்சம். ஏதோ ஒரு பிள்ளை குறுக்கே ஓடியிருக்கும். ஃபோனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

நுழைவுச்சீட்டு ஜன்னலில் அவள் கணவன் கிரிஷாந்தன் அப்போதுதான் சூடுபிடித்திருந்தான். பதுளை பஸாரில் மூன்று தலைமுறையாகத் துணிக்கடை நடத்தும் குடும்பம் அவனுடையது. எழுதி ஒட்டியிருக்கும் விலை அவர்களுக்குப் பேச்சின் ஆரம்பம் மட்டும்தான். அந்த வீட்டில் பேரம் பேசாமல் வாங்கிய பொருள் தன் தாலி ஒன்றுதான் என்று சுபாஜினி நெடுநாள் நம்பியிருந்தாள். அதையும் பேசித்தான் வாங்கினோம் என்று மாமனார் சுந்தரலிங்கமே ஒரு தீபாவளியன்று பெருமையாகச் சொல்லிவிட்டார்.

"தங்கச்சி, பிள்ளைக்கு வளர்த்தி கொஞ்சம் கூட. வயசு எட்டுதான். அரை டிக்கட் போடுங்க."

"அப்பா, எனக்கு ஒன்பது!" என்றாள் விதுஷா, வரிசை முழுக்கக் கேட்கும்படி.

"யாவாரி வீட்டுலதான் பொறந்தியா நீ?" என்று மகளிடம் சிரித்துவிட்டு, தோற்ற இடத்தை இன்னோர் இடத்தில் பிடிக்கத் திரும்பவும் ஜன்னலுக்குள் தலையை நீட்டினான். வெளியே வரும்போது கையில் மூன்று காகிதப் பட்டைகளோடு ஒரு சிவப்புக் கூப்பனும் இருந்தது. "சும்மா விட்டேனா? தண்ணிச் சறுக்கல்ல ஒரு கேமரா இருக்காம். மேல இருந்து விழுறப்ப தானா எடுக்குமாம். அந்தப் படம் ஒண்ணு நமக்கு ஃப்ரீ, சட்டத்தோட."

"படமெல்லாம் எதுக்குங்க?"

"வேற யாராச்சும் எடுத்தாத்தான் நம்ம வீட்டுல மொகம்னு ஒண்ணைப் பார்க்கலாம்."

அது வீட்டில் பழகிப்போன கேலி. சுபாஜினியின் ஃபோனில் நாலாயிரம் படங்கள் இருந்தன. மகளின் காதோரச் சுருள் முடி, விழுந்த பால்பல், சட்டைப் பொத்தானில் சிக்கிய நூல், பென்சில் பிடித்த விரல்களின் மடிப்பு. ஒன்றிலும் முகம் இல்லை. அன்று காலையில் எடுத்தது விதுஷாவின் பத்து விரல்கள். பயணத்துக்கென்று இளஞ்சிவப்புப் பூச்சு போட்டுக்கொண்டிருந்தாள். இடது கை முடிந்து, வலது கையில் நாலாவது விரலும் முடிந்தபோது வேன்காரர் தெருவில் நின்று ஹோர்ன் அடித்தார். சுண்டுவிரல் மட்டும் வெறுமையாக நின்றுவிட்டது. "வந்து பூசிக்கலாம்டி," என்று சொல்லி, ஒன்பது நகங்களையும் அந்த ஒன்றையும் படமெடுத்துக்கொண்டாள். மகளின் முகம் கிரிஷாந்தனின் ஃபோனில் மட்டும் ஒன்று இருந்தது. போன பிறந்தநாளுக்குக் கேக் வெட்டும்போது அவளுக்குத் தெரியாமல் எடுத்து முகப்பில் வைத்திருந்தான்.

பூங்கா புதிது. பழைய தேயிலை மலையொன்றை வெட்டித் தட்டுத்தட்டாக்கி, ஒவ்வொரு தட்டிலும் ஒரு சுற்றும் யந்திரத்தை நட்டிருந்தார்கள். பதுளையிலிருந்து தெமோதரை, பண்டாரவளை, ஹப்புத்தளை என்று வேன் வளைந்து வளைந்து வந்தபோது சுபாஜினி தூங்கிவிட்டாள். எந்த மலைக்கு வந்திருக்கிறோம் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

முதல் தட்டில் தேயிலைச் செடிகளில் கொஞ்சத்தை அலங்காரத்துக்கென்று விட்டுவைத்து, நடுவே கூடை மாட்டிய பிளாஸ்டிக் பெண்களை நிறுத்தியிருந்தார்கள். நெற்றியில் பொட்டு, வாயில் சிவப்புச் சிரிப்பு.

"இப்பிடி ஆளுங்கதான் தொரைமாருக்கு வேணும்," என்றான் கிரிஷாந்தன். "பெரட்டுக்கும் லேட் ஆகாது, சம்பளமும் ஏத்திக் கேக்காது."

சுபாஜினிக்குச் சிரிப்பு வந்தது. அவளுடைய அம்மா பதினெட்டு வருஷம் விடிகாலைப் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு மலை ஏறியவள். பொம்மையின் கூடைமேல் விதுஷா கையை வைத்துக்கொண்டு நின்றாள். பிளாஸ்டிக் பிரம்பின் பின்னலும் அதன்மேல் இளஞ்சிவப்பு நகங்களுமாகப் பார்க்க நன்றாக இருந்தது. குனிந்து எடுத்தாள்.

படத்தில், மகளின் கையை ஒட்டி, இன்னொரு முழங்கை.

மெலிந்த முழங்கை. கறுத்த தோலில் ஐந்து ரூபாய்க் குற்றி அளவுக்கு வட்டமாக ஒரு தீக்காயத் தழும்பு, சுற்றிலும் சுருங்கி, நடுவில் மினுங்கி. சுபாஜினி நிமிர்ந்தாள். பொம்மையும் மகளும் தவிர அந்தச் செடிகளுக்குள் யாரும் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கூச்சல் மேல்தட்டிலிருந்து வந்தது.

"விது, உன் பக்கத்துல யாராச்சும் நின்னாங்களா?"

"ஒரு புள்ள நின்னுச்சு."

"எங்க போச்சு?"

விதுஷா தோளைக் குலுக்கினாள். பிள்ளைகள் பிள்ளைகளை அப்படித்தான் பார்க்கும். வந்தால் வந்ததுதான், போனால் போனதுதான்.

சுபாஜினி வாசலில் எடுத்த படத்தைத் திரும்பவும் திறந்து, இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கினாள். கன்வஸ் சப்பாத்தின் நுனி. சோக்குக்கட்டி தேய்த்து வெளுப்பாக்கியது, மடிப்பில் சோக்குத் தூள் வெடித்திருந்தது. அதன் துளைகளில் நாடா இல்லை. நாடாவுக்குப் பதிலாக நீல நூல். தேயிலைக் கொழுந்துச் சாக்கின் வாயைத் தைக்கும் முரட்டு நீல நூல்.

படத்தை மூடிவிட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ராட்சத ராட்டினத்தில் ஏறினார்கள். பெட்டி உச்சிக்குப் போய் நின்று ஆடியபோது, பனிமூட்டம் ஒரு நிமிஷம் விலகி எதிர்மலை தெரிந்தது. கிரிஷாந்தனுக்கு அது ஒரு பச்சை மலை. மலையின் இடுப்பில் மட்டும் பச்சை வேறு மாதிரி இருந்தது. தேயிலையின் ஒழுங்கு இல்லாமல், மானாப்புல்லும் காட்டுச்செடியும் அடர்ந்த ஒரு நீண்ட பட்டை, மேலிருந்து கீழே அகன்று அகன்று, யாரோ நகத்தால் கிழித்த இடத்தில் தோல் வளர்ந்ததைப்போல.

"அந்த மலைக்குப் பேர் என்னங்க?"

"ஊத்துமலைன்னாங்க டிக்கட் குடுத்த பிள்ளை. ஏன்? நீ இந்தப் பக்கத்து ஆளுதானே, உனக்குத் தெரியாததா?"

அவள் பெட்டியின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். ஊத்துமலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற மேல் லயத்தில் அவள் பிறந்தாள். கீழ் லயத்தில் ஜெயந்தினி இருந்தாள். கீழ் லயம் இப்போது அந்தப் புல்லுக்கடியில் இருக்கிறது.

அவர்கள் இருவரும் ஒரே வகுப்பு, ஒரே உயரம், பின்னல்கூட ஒரே நீளம். ஹாலி-எலயில் ஸ்டூடியோ வைத்திருந்த தயாபரன் பள்ளிக்கூடத்துக்கு வந்து குழுப்படம் எடுக்கப்போகிறார் என்றதும் ஜெயந்தினி இரண்டு வாரம் தூங்கவில்லை. அதுவரை யாரும் அவளைப் படமெடுத்ததில்லை. அன்று சப்பாத்துக்குச் சோக்குத் தேய்த்து, நாடா இல்லாததால் கொழுந்துக் கொட்டிலிலிருந்து சாக்கு நூல் எடுத்துக் கோத்து, அவள் அம்மா கருப்பம்மாவின் பழைய ஆரஞ்சுச் சேலைக் கரையைக் கிழித்து ரிப்பன் கட்டிக்கொண்டு வந்தாள். அடுப்பில் சுட்டுக்கொண்ட முழங்கைத் தழும்பு தெரியக்கூடாதென்று காலையெல்லாம் அதைப் பொத்தியபடி நின்றாள். இரண்டாம் வரிசையில், சுபாஜினிக்கு முன்னால்தான் அவளை நிறுத்தினார்கள். தயாபரன் "ரெடி" என்றார். முன்னால் நிற்கும் தலை தன்னை மறைக்கிறது என்று சுபாஜினிக்குத் தோன்றியது. தோளால் ஓர் இடி. முன்னால் ஓர் அடி. அவ்வளவுதான்.

"கொஞ்சம் தள்ளிக்க சுபா," என்று காதுக்குப் பின்னாலிருந்து கேட்டது. "நானும் தெரியணும்."

சுபாஜினி தள்ளவில்லை.

படம் ஒரு வியாழக்கிழமை வந்தது. எல்லோரும் அவரவர் முகத்தைக் கண்டுபிடித்துக் கத்தினார்கள். ஜெயந்தினி இரண்டாம் வரிசையை மூன்று தடவை விரலால் தடவினாள். சுபாஜினியின் காதோரத்தில் ஒரு ரிப்பன் நுனி. சுபாஜினியின் கைக்குப் பின்னால் ஒரு முழங்கை. பெஞ்சுக்கடியில் ஒரு சப்பாத்து. வெள்ளிக்கிழமை காலை, நாலாவது நாளாக விடாத மழையில், சுபாஜினி பள்ளிக்கூடம் போக அவளைக் கூப்பிட்டபோது லயத்துக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "நான் வரல. நான்தான் படத்துலயே இல்லையே." கருப்பம்மா பெரட்டுக்குப் போயிருந்தாள். ஒன்பது மணிக்கு மலை சரிந்து இறங்கியது.

மண்ணுக்குள்ளிருந்து தோண்டி எடுக்கப்பட்டவர்களில் ஜெயந்தினி இல்லை. உடம்பும் இல்லை, முகமும் இல்லை. பதினாறாம் நாள் கருமாதிக்கு மாலை போட்டுக் கும்பிட ஒரு முகம் வேண்டும். பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். ஒரே உயரம், ஒரே பின்னல், யாருக்கு வித்தியாசம் தெரியப்போகிறது என்றார்கள். தயாபரன் குழுப்படத்திலிருந்து சுபாஜினியின் முகத்தை வெட்டிப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுத்தார். சுபாஜினியின் அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் போய் என் பிள்ளையின் முகத்தைத் திருப்பிக் கொடு என்று கேட்க எந்த வாய் வரும். ஒன்பது வயதுச் சுபாஜினி பள்ளிக்கூட மண்டபத்தில் நின்று, சந்தனப் பொட்டும் குங்குமமும் சாமந்தி மாலையுமாகத் தன் முகத்தையே பார்த்தாள். விளக்குத் திரி ஆடியபோது அந்த முகமும் ஆடியது.

கருப்பம்மா குழுப்படத்தை அவள் முன்னால் நீட்டினாள். அவள் அழுது முடித்திருந்தாள். "இதுல எம்புள்ள எங்கடி நின்னா? பக்கத்துல நின்னவ நீதானே? பின்னால யாரும் இருந்தாங்களா?"

"தெரியல அத்தை," என்றாள் சுபாஜினி.

இருபத்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. கருப்பம்மா உயிரோடு இருக்கிறாள். தோட்டத்துக்கு வெளியே கட்டிக்கொடுத்த சின்ன வீட்டில் இன்றைக்கும் வெள்ளிக்கிழமை தோறும் சுபாஜினியின் முகத்துக்கு விளக்கேற்றுகிறாள். அந்தக் குழுப்படத்தின் பிரதி ஒன்று சுபாஜினியின் அலுமாரியில் சேலைகளுக்கடியில் கிடக்கிறது. சிறு வயதில் பூதக்கண்ணாடி வைத்து இரவிரவாக அந்த ரிப்பன் நுனியை, முழங்கையை, சப்பாத்தைச் சேர்த்துச் சேர்த்து ஒரு முகத்தை உண்டாக்கப் பார்த்திருக்கிறாள். சின்னச்சின்னதைப் பார்க்கும் பழக்கம் அங்கே வந்ததுதான். முகத்தை எடுக்கும் தைரியம் மட்டும் பிறகு வரவேயில்லை. கல்யாணப் படங்களில்கூட அவள் குனிந்துதான் இருந்தாள். என்ன அடக்கமான பொண்ணு என்று மாமியார் வீட்டில் மெச்சினார்கள்.

ராட்டினத்திலிருந்து இறங்கியபோது பனிமூட்டம் கீழ்த்தட்டுவரை வந்துவிட்டது. மூன்று மணிதான், ஆனால் விளக்குகளைப் போட்டிருந்தார்கள். மஞ்சள் வெளிச்சம் ஈரக் காற்றில் ஊறி, எண்ணெய் படிந்த துணிபோல எல்லாவற்றின் மேலும் கிடந்தது. எங்கோ ஒரு குதிரை ராட்டினம் ஆளில்லாமல் பாட்டுப் பாடிச் சுற்றிக்கொண்டிருந்தது. விதுஷா பஞ்சுமிட்டாய் தின்றாள். சுபாஜினிக்கு ஃபோனை எடுக்க விருப்பமில்லை. ஆனால் ஏதோ ஒன்றைச் சரிபார்த்தே ஆகவேண்டும்போல் கை தானாகப் போனது. மகளின் உதட்டோரத்தில் ஒட்டிய ஒரு சர்க்கரை இழையை எடுத்தாள்.

உதடு மங்கலாக விழுந்திருந்தது. தெளிவாக விழுந்தது கன்னத்துக்குப் பின்னால் தொங்கிய ஒரு ரிப்பன் நுனி. ஆரஞ்சு. சேலைக் கரையின் ஜரிகை ஒரு பக்கம் பிரிந்திருந்தது.

விதுஷாவின் தலையில் ரிப்பன் இல்லை.

"அம்மா, ஏன் அழுறீங்க?"

"கண்ணுல பனி பட்டிருச்சுடி."

"அந்தப் புள்ள என்னைத் தள்ளிக்கச் சொல்லுது."

"எந்தப் புள்ள?"

"காலையில இருந்து வர்ற புள்ள. நீங்க படம் எடுக்குறப்பல்லாம் கொஞ்சம் தள்ளிக்க, கொஞ்சம் தள்ளிக்கன்னுது. நானும் தெரியணுமாம்." விதுஷா மிட்டாய்க் குச்சியை நக்கினாள். "நான் தள்ளிக்கிட்டேன். பாவமா இருந்திச்சு."

சுபாஜினி படங்களை வரிசையாகத் தள்ளிப் பார்த்தாள். வாசலில் எடுத்ததில் மகளின் கால் முக்கால்வாசி இருந்தது. கூடையில் பாதி. பஞ்சுமிட்டாயில் ஓர் உதட்டு ஓரம். ஒவ்வொரு படத்திலும் விதுஷா கொஞ்சம் வெளியே நகர்ந்திருந்தாள்.

"போவோம்ங்க. இப்பவே வீட்டுக்குப் போவோம்."

"என்ன பேச்சு இது? இன்னும் ஃப்ரீ படம் எடுக்கலையே?"

"உங்க படமும் வேணாம் ஒண்ணும் வேணாம். எனக்குத் தலை சுத்துது. வாங்க."

கிரிஷாந்தன் அவள் முகத்தைப் பார்த்தான். கெட்டிக்கார வியாபாரி; வாங்குபவரின் முகத்தில் பயம் தெரிந்தால் அவனுக்குத் தெரிந்துவிடும். குரலைத் தாழ்த்தினான். "சரி, சரி. போவோம். பிள்ளையைக் கூப்பிடு."

பிள்ளை அங்கே இல்லை.

தண்ணிச் சறுக்கலின் மேடையில் அவளுடைய மஞ்சள் கவுன் தெரிந்தது. கூட்டம் இல்லை, வரிசை இல்லை. பள்ளிக்கூடப் பஸ்கள் போய்விட்டிருந்தன. படகு ஒன்று நீர்க்கால்வாயில் ஆடிக்கொண்டு நிற்க, விதுஷா அதில் ஏற்கனவே உட்கார்ந்து பக்கத்து இடத்தைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். சுபாஜினி படியேறி ஓடினாள். செருப்பு ஒன்று கழன்றது. விசையருகில் நின்றவன் கம்பியை இறக்கப் போனபோது படகுக்குள் பாய்ந்து மகளின் வலப்பக்கம் விழுந்தாள்.

"இறங்கு விது! இறங்கு!"

"கம்பி பூட்டியாச்சு மேடம்," என்றான் அவன். "மூணு பேர் சீட், தாராளமா இருங்க."

படகு நகர்ந்தது.

முதலில் ஒரு சுரங்கம். சிமெந்தில் செய்த பாறை, உள்ளே இருட்டு, தண்ணீர் சிமெந்துச் சுவரில் மோதி மோதி நாக்கால் நக்குவதுபோன்ற ஓசை. பூங்காவின் பாட்டு பின்னால் தங்கிவிட்டது. சுபாஜினி மகளின் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தன் வலப்பக்கத்தில் வெறுமையாகக் கிடந்த மூன்றாவது இடத்தைப் பார்க்காமல் நேரே பார்த்தாள். அப்போது வாசனை வந்தது. மழை பெய்ததும் எழும் நல்ல மண்வாசனை இல்லை அது. அடிமண் புரண்டு மேலே வரும்போது அடிப்பது. அறுந்த வேர், சேறு, மண்ணெண்ணெய், அவிந்துபோன அடுப்பு. அந்த வாசனையை அவள் வாழ்க்கையில் ஒரு காலையில் மட்டும்தான் முகர்ந்திருந்தாள். தலைக்கு மேலே எங்கோ, சல்லிக்கல் ஏற்றிய லொறி ஒன்று மெதுவாக, மிக மெதுவாகக் கொட்டத் தொடங்குவதைப்போல ஒரு சரசரப்பு.

படகு வலப்பக்கமாகச் சாய்ந்தது.

யாரோ உட்கார்ந்தார்கள். பாரம் அதிகமில்லை. ஒரு பிள்ளையின் பாரம்.

ஈரமான ஒரு சட்டைக் கை அவள் கையில் பட்டது. குளிர். பல்லைக் கிட்ட வைக்கும் குளிர். அவள் திரும்பவில்லை. சங்கிலி படகை உச்சிக்கு இழுத்தது. கடக். கடக். கடக். எதிரே சுரங்கத்தின் வாய், அதற்கப்பால் பனிமூட்டம், அதில் ஒரு சிவப்புப் புள்ளி. கேமரா.

"கொஞ்சம் தள்ளிக்க சுபா."

கோபமில்லாத குரல். கெஞ்சும் குரல். சுபா என்று இந்த உலகத்தில் அந்த மாதிரி ஒருத்திதான் கூப்பிட்டாள்.

"நானும் தெரியணும்."

சுபாஜினிக்கு யோசிக்க நேரமில்லை. மகளை முகம் தெரியாமல் மறைத்துவிட வேண்டும், அது ஒன்றுதான் தோன்றியது. விதுஷாவின் தோளைப் பிடித்து இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளினாள். தள்ளிவிட்டுத் தான் முன்னால் வந்தாள். ஓர் இடி. ஓர் அடி. இருபத்து மூன்று வருஷத்துக்குப் பிறகு கேமராவை நேராகப் பார்த்தாள்.

என்னை எடுத்துக்க. அவளை விட்டுரு.

மின்னல்.

விழுந்தார்கள். தண்ணீர் எழும்பி முகத்தில் அறைந்தது. பிறகு வெளிச்சம், பாட்டு, கிரிஷாந்தனின் சிரிப்பு. படகு மேடையில் முட்டி நின்றது. சுபாஜினி பின்னால் கையை நீட்டித் துழாவினாள். நனைந்த பிளாஸ்டிக். இடப்பக்கம் வெறுமை. வலப்பக்கத்திலிருந்து மஞ்சள் கவுன் ஒன்று குதித்து இறங்கி, நனைந்த கூந்தல் முகத்தை மூட, அப்பாவிடம் ஓடியது. அவன் துவாயால் தலையோடு மூடித் துவட்டினான்.

"எப்பிடி இருந்திச்சு?"

"நல்லா இருந்திச்சுப்பா!"

மஞ்சள் கவுன்தான். விதுஷாவின் கவுன்தான். இடம் மாறி உட்கார்ந்திருப்பாள். நனைந்து குரல் கட்டியிருக்கும். சுபாஜினி இதையெல்லாம் தனக்குத்தானே விற்றுப் பார்த்தாள். எதுவும் விலைபோகவில்லை.

படக் கூடத்தில் ஒரே ஒரு பெண் இருந்தாள். சட்டையில் ஸவாஹிரா என்று பெயர்ப்பட்டி குத்தியிருந்தது. திரையைத் திருப்பி அவர்களுக்குக் காட்டினாள். "சூப்பரா வந்திருக்கு. பிள்ளட மொகம் எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்க."

நடுவில் சுபாஜினியின் முகம், வாய் பிளந்து. அவளுக்கு வலப்பக்கத்தில் ஒரு சிறுமி. முழுசாக. கண், மூக்கு, வாய், முன்பல்லில் ஒரு சின்ன இடைவெளி. ஒவ்வொரு முடியும் தெரிந்தது. படமெடுக்கப்போகிறார்கள் என்று இரண்டு வாரம் தூங்காத ஒரு பிள்ளை சிரிக்கும் சிரிப்பு. எத்தனை இரவுகள் பூதக்கண்ணாடியில் தேடிய முகம். சுபாஜினிக்கு அதைப் பார்த்ததும் முதலில் வந்தது பயமில்லை. மகிழ்ச்சி. அந்த ஒரு கணத்துக்காகப் பிறகு அவளால் தன்னை மன்னிக்க முடியாது.

"இது விது இல்லைங்க," என்றாள்.

"என்னது?"

"இது நம்ம விது இல்ல."

கிரிஷாந்தன் ஸவாஹிராவைப் பார்த்து அசடு வழிந்தான். "மொகத்தை எடுத்துப் பழக்கமில்ல அவங்களுக்கு. பெத்த பிள்ளையையே அடையாளம் தெரியல." ஃபோனைத் திறந்து அவள் முன்னால் நீட்டினான். முகப்பில் பிறந்தநாள் படம். கேக்கும் ஒன்பது மெழுகுதிரியும். அவற்றுக்குப் பின்னால், முன்பல்லில் இடைவெளியோடு, அதே சிரிப்பு.

அவள் தன் ஃபோனை எடுத்தாள். நாலாயிரம் படங்கள். பொத்தான், பால்பல், காதுமடல், விரல், விரல், விரல். மேலே தள்ளினாள். இன்னும் மேலே. என் பிள்ளை இவள்தான் என்று யாரிடமும் காட்ட ஒரு முகம் இல்லை.

துவாய்க்குள்ளிருந்து ஒரு கை வந்து அவள் கையைப் பிடித்தது. குளிர்ந்த கை. பூச்சு இல்லாத ஐந்து நகங்கள், ஒவ்வொன்றின் இடுக்கிலும் சிவந்த மண். கீழே, வெள்ளைக் கன்வஸ் சப்பாத்தில், நீல நூல்.

"இங்க மட்டும் என்னமோ விழுந்திருக்கு," என்றாள் ஸவாஹிரா. திரையில் சுபாஜினியின் இடது தோளைச் சுட்டினாள். "பின்னால ஒரு கை மாதிரி. தண்ணி தெறிச்சதாத்தான் இருக்கும். அதை வெட்டிட்டு அடிச்சா சட்டத்துக்கு சரியா வரும். வெட்டவா?"

தோளை இறுகப் பற்றியிருந்த நான்கு சின்ன விரல்கள். ஓரத்திலிருந்து மூன்று நகங்கள் இளஞ்சிவப்பு. கழுத்தோரமாக இருந்த சுண்டுவிரல் நகத்தில் பூச்சு இல்லை.

"பின்னால யாரும் இருந்தாங்களா சுபா?" என்றான் கிரிஷாந்தன்.

அவள் வாயைத் திறந்தாள். தொண்டைவரைக்கும் சேறு நிரம்பியதுபோல் இருந்தது. கையைப் பிடித்திருந்த கை இன்னும் கொஞ்சம் இறுகியது.

"தெரியலப்பா," என்று அவளுக்காகப் பதில் சொன்னாள், அவள் பக்கத்தில் நின்றவள். பிறகு துவாயை விலக்கி, நனைந்த முகத்தை முழுசாக நிமிர்த்தினாள். "அம்மா, இப்ப நான் நல்லாத் தெரியுறேன்தானே?"

"வெட்டிருங்க தங்கச்சி," என்றான் கிரிஷாந்தன்.

ஸவாஹிரா சொடுக்கினாள். திரையின் ஓரத்திலிருந்து ஒரு வெள்ளைக் கோடு உள்ளே நகர்ந்து வந்தது. மூன்று இளஞ்சிவப்பு நகங்கள். இரண்டு. ஒன்று.

பிறகு, பூச்சு இல்லாத அந்தச் சுண்டுவிரல் மட்டும், அம்மாவின் தோளை விடாமல்.